காலி சீட்டின் எடை

புது வண்டியை எடை போட்டபோது ஐம்பத்திரண்டு கிலோ கூடுதலாக இருந்தது.

நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு தட்டுகள், நடுவே எண்களைக் காட்டும் சின்னத் திரை. டேங்கில் பெட்ரோல் இல்லை, சீட்டில் ஆள் இல்லை. மாமா குனிந்து தட்டுகளைத் துடைத்தார். தன் கால் எதன் மேலாவது படுகிறதா என்று பார்த்தார். வண்டியை இறக்கி மறுபடி ஏற்றினார். அதே ஐம்பத்திரண்டு. ஓடிப்போய் இன்ஜினியர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியபோது, எடை ஒழுங்காக இருந்தது.

"நீங்கதான் தட்டுல காலை வெச்சிருப்பீங்க மாமா," என்றாள் அவள்.

"ஒரு காலு ஐம்பத்திரண்டு கிலோவாம்மா? எனக்கென்ன யானைக்காலா?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். ஆனால் அன்று முழுக்க அந்த எண் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ என்பது போல்ட்டோ நட்டோ இல்லை. ஒல்லியான ஒரு ஆளின் எடை.

அந்த ரேஸ் டீமுக்கு அவர்தான் தலைமை மெக்கானிக். டிரைவர் அவர் மகளைக் கட்டியவன். அவன் வாய்க்கு வாய் "மாமா, மாமா" என்று கூப்பிட்டதில் ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் மாமாவாகிவிட்டார், அவன் அத்தனை பேருக்கும் மாப்பிள்ளையாகிவிட்டான். போன வருஷம் முழுக்கக் கடைசி வரிசையிலிருந்து கிளம்பி, கடைசியாகவே வந்து சேர்ந்த டீம். இந்த வருஷமும் இதே கதைதான் என்றால் ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுவிடுவேன் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். சீசன் தொடங்க இன்னும் பத்தொன்பது நாள்.

முதல் முறை ட்ராக்கில் இறக்கியபோது வண்டி பறந்தது. பழைய வண்டியைவிட ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி குறைவு. இன்ஜினியர் பெண் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுக் குதித்தாள். முதலாளியம்மா, வாழ்நாளில் முதல் தடவையாக, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாப்பிள்ளை மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றியவன் யாரையும் பார்க்காமல் மாமாவை டயர் அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். முகம் வெளிறியிருந்தது.

"மாமா, மூணாவது திருப்பத்துல பிரேக் நான் போடல."

"பின்ன யாரு போட்டா?"

"அதான் தெரியல. நான் காலை வைக்கறதுக்குள்ள பெடல் தானா உள்ள போகுது." ஹெல்மெட்டை டயர் மேல் வைத்தான். "ஆனா சரியான இடத்துல போகுது மாமா. என்னைவிடச் சரியா."

பிரேக் ஆயில் ஓடும் லைனில் காற்று அடைத்திருக்கும், அதை வெளியேற்றி ஏர் எடுத்தால் சரியாகிவிடும் என்றாள் இன்ஜினியர் பெண். மாப்பிள்ளையும் ராத்திரி தூங்கி எழுந்ததும் அதையே நம்பத் தொடங்கிவிட்டான். அவ்வளவு வேகமான வண்டி கையில் இருக்கும்போது எதை வேண்டுமானாலும் நம்பலாம்.

மாமாவால் முடியவில்லை. மாப்பிள்ளை ஆறடி உயரம். அவனுக்காக இவர் தளர்த்திவிட்டுப் போகும் சீட் பெல்ட்டுகள் காலையில் வந்து பார்த்தால் இழுத்துச் சுருக்கப்பட்டிருந்தன, குட்டையான உடம்பு ஒன்றுக்கு அளவெடுத்தது மாதிரி. ஷெட் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. அப்புறம் அந்த வாடை. புது வண்டி என்றால் பெயின்ட்டும் பசையும் மணக்க வேண்டும். இதில் தலையை விட்டு மோந்தால், பல நாள் காயாமல் கிடந்த வியர்வையும், மூடிய ஹெல்மெட்டுக்குள் விட்டு விட்டுப் புளித்துப்போன மூச்சும் கலந்த ஒரு வாடை வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. மாமாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றார்கள்.

இரண்டாவது சோதனை ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம். மழை பெய்துகொண்டிருந்தது. ஷெட்டின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நாளைக்கு நீங்க வண்டியில ஏற வேண்டாம் மாப்பிள்ளை," என்றார் மாமா.

"என்ன மாமா திடீர்னு?"

"வண்டி சரியில்ல."

"எது சரியில்லன்னு சொல்லுங்க, மாத்திடுவோம்."

எதைச் சொல்வது? வாடையையா? பெல்ட்டையா? "பொண்ணுக்கு ஏழு மாசம்," என்றார் கடைசியில்.

"அவளுக்காகத்தான் மாமா ஓட்டறேன். இந்த வண்டியும் போச்சுன்னா என்னை எவன் கூப்பிடுவான்?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "காத்துதானே? வாங்க, இப்பவே ஏர் எடுத்துடுவோம். நான் உக்காந்து பெடலை அமுக்கறேன், நீங்க பின்னாடி பாருங்க."

மாமா உள் அறைக்குப் போய்ப் பிரேக் ஆயில் டப்பாவையும் ட்யூபையும் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் சீட்டு கிறீச்சிட்டது. கோபத்தில்கூட வேலையில் சுணங்காத பிள்ளை என்று நினைத்துக்கொண்டார். பின் சக்கரத்தருகே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சீட்டுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் இன்ஜின் மூடிதான் தெரியும், சீட்டு தெரியாது. பிரேக்கில் ஆயில் வெளியேறும் நிப்பிளில் ட்யூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, ஸ்பேனரை மாட்டினார்.

"அமுக்குங்க."

பெடல் இறங்கும் சத்தம் கேட்டது. திருகினார். ஆயில் குமிழிகளோடு ட்யூபில் ஓடியது. மூடினார்.

"விடுங்க."

விட்டது.

பதில் வரவில்லை. முறுக்கிக்கொண்டிருக்கிறான், இருக்கட்டும். அது முடிந்ததும் அந்தப் பக்கத்துப் பின் சக்கரத்துக்கு நகர்ந்தார். இவ்வளவு பாந்தமாக அமுக்கி இவ்வளவு நிதானமாக விடுகிற காலை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. முன் சக்கரங்கள் இரண்டும் மிச்சம். மனசு இளகிவிட்டது. மழைக்கு மேலாகக் குரலை உயர்த்தி, "கோவமா மாப்பிள்ளை? உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"மாமா, சாரி. முதலாளியம்மா ஆபீசுக்குக் கூப்பிட்டுட்டாங்க, சொல்லாம வந்துட்டேன்." மாப்பிள்ளையின் குரல். பின்னால் யாரோ பேசுவதும் நாற்காலி இழுபடுவதும் கேட்டது. "முடிஞ்சிடுச்சு, இதோ வந்துட்டேன். நீங்க இன்னும் ஆரம்பிக்கலதானே?"

மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார்.

மழை. தகரம். பாட்டிலில் இரண்டு சக்கரத்து ஆயில்.

அவர் அமுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் பெடல் இறங்கியது. காத்திருந்தது. ஏறியது. மறுபடி இறங்கியது. என்ன தாமதம் என்று கேட்பது மாதிரி.

எழுந்தார். சுவரை ஒட்டி ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். இன்ஜின் மூடியின் விளிம்பு. பிறகு சீட்டு.

ஆள் இல்லை.

பெல்ட்டுகள் பூட்டியிருந்தன. உள்ளே ஒன்றுமில்லாமல், சுருங்கி, இறுகி. அவை சற்றே உயர்ந்தன. தாழ்ந்தன. உயர்ந்தன. மூச்சு விடுகிற நெஞ்சின் மேல் கிடப்பவை போல.

கதவு தடாரென்று திறந்தது. மாப்பிள்ளை தலையிலிருந்த மழைத்தண்ணீரை உதறிக்கொண்டே உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு நான்தான் மாமா ஓட்டறேன். முதலாளியம்மாவே சொல்லிட்டாங்க!"

"வேண்டாம்," என்றார் மாமா. மழைச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை. பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார்.

"விடுங்க மாமா, எல்லாரும் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்." செல்லமாக அவர் கையை விலக்கினான். பூட்டியிருந்த பெல்ட்டைப் படக்கென்று அவிழ்த்தான். கால் நீட்டி உள்ளே இறங்கினான். முழுசாக. கழற்றி வைத்திருந்த ஸ்டீயரிங்கை எடுத்து மாட்டினான். க்ளிக்.

"மாப்பிள்ளை. எந்திரிங்க."

"ஏன் மாமா? இப்ப பெடல் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா!" அவன் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஸ்டீயரிங்கின் இரு பக்கமும் அவனுடைய வெறும் கைகள். அந்தக் கைகளின் மேல், விரலுக்கு விரல் பொருந்தி, கையுறை போட்ட இரண்டு சின்னக் கைகள் மெல்ல இறுகின.