பென்டிரைவில் இருந்த அம்மா

பென்டிரைவைச் செருகியதும், "ஃபார்மட் செய்யவா?" என்று லேப்டாப் திரை கேட்டது.

அப்பாவின் விரல் 'ஆம்' பக்கம் போயிற்று.

"அமுக்காதீங்க அப்பா!" பெர்சிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அமுக்கினா உள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரும்."

அப்பா தானியேல், தான் வேலை பார்க்கும் பள்ளியில் இரவல் வாங்கி வந்த லேப்டாப் அது. மறுநாள் அம்மாவின் நினைவு ஜெபம். உறவினர்கள் எல்லோரும் பாளையங்கோட்டை வீட்டுக்கு வருவார்கள். அப்போது அம்மா பாடியதைப் போட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

அம்மா இறந்த வருடம்தான் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும், அப்பா கம்ப்யூட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். பிறகு அம்மாவின் பாட்டுகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் ஏற்றினார். கம்ப்யூட்டரை விற்றுவிட்டார். பென்டிரைவை வேதப்புத்தகத்தின் ஜிப் உறைக்குள் வைத்தார். ரேஷன் கார்டும் அங்கேதான் இருந்தது.

"வேதப்புத்தகம் இருக்க இடத்துல எதுவும் தொலையாது" என்பார்.

தொலையவில்லைதான். ஆனால் கேட்கத் தெம்பில்லாமல் அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. இப்போது அது திறக்கவில்லை.

அதைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் கோமதிசங்கர் அண்ணாச்சி பல விதமாகச் செருகிப் பார்த்தார். "உள்ள சிப்பு போயிட்டு சார். சும்மா கிடந்தாலும் இது சில நேரம் செத்துப்போவும். சென்னைக்கு அனுப்பலாம். வரும்னு சொல்ல முடியாது. வேற எங்கயும் ஏத்தி வைக்கலியா?"

இல்லை என்று அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

தம்பி ஹெப்ரானுக்கு ஐந்து வயது. அம்மாவின் குரல் அவனுக்கு நினைவில்லை.

"நாளைக்கு அம்மா பாடுவாங்கல்லாக்கா?"

பெர்சிஸ் யோசித்தாள். பாட்டு இனி வராது. வேறு எங்கேயாவது அம்மா பேசியது இருக்குமா? அப்போதுதான் நினைவு வந்தது. சபைப் பாடகர் குழுவுக்கு அம்மாதான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். ஒத்திகைக்கு வராதவர்களுக்குப் போனில் பாடி அனுப்புவாள்!

தம்பியையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். முதல் வீட்டில், பாடகர் குழுவில் பாடும் மெர்வின் அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "போன் மாத்தினப்ப எல்லாம் போயிட்டே மக்கா."

அடுத்தது ஹெப்சிபா சித்தி வீடு. சித்தியின் போன் தினமும் 'இடமில்லை, இடமில்லை' என்று கத்தும். சித்தி எதையும் அழிப்பதில்லை.

"அழிக்க மனசு வரலட்டி. நானும் அதைக் கேக்கதே இல்ல" என்றபடி பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்றைத் தொட்டார்.

"ஹெப்சிபா, மூணாவது வரியில நீ மேட்டுல லாரி ஏறுத மாதிரி உறுமுத. பைய ஏறு. இங்கன பாரு..."

அம்மா! சித்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அம்மா இரண்டு வரி பாடினாள். நடுவில் ஒரு குழந்தை வீறிட்டது. பாட்டு நின்றது.

"ஏலே ஹெப்ரான், அழாதலே. அம்மா இங்கனதாம்லா இருக்கேன்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

ஹெப்ரான் அசையவில்லை. "என் பேரைச் சொன்னாங்க" என்றான் மெதுவாக. "இன்னொருக்க போடுங்க."

"கொஞ்சம் பொறுலே" என்றாள் பெர்சிஸ். முதலில் அதை அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். அடுத்து ஆழ்வார்குறிச்சிப் பெரியம்மாவுக்கு. "பெரியம்மா, இதைக் கம்ப்யூட்டர்லயும் ஏத்தி வைங்க" என்று எழுதினாள். பிறகு அப்பாவின் மின்னஞ்சலுக்கும் ஒன்று.

"இத்தனை பேருக்கு எதுக்குட்டி?"

"ஒரு இடத்துல போனாலும் இன்னொரு இடத்துல இருக்கும் சித்தி."

வாசலில் செருப்புச் சத்தம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து ஓடி வந்திருந்தார். கையில் போன். பெர்சிஸின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் மறுபடி போட்டாள். லாரி வந்தது. பாட்டு வந்தது. குழந்தை வீறிட்டது.

"ஏலே ஹெப்ரான், அழாதலே..."

ஹெப்ரான் போனுக்கு அருகே வாயைக் கொண்டுபோனான்.

"நான் அழலம்மா" என்றான்.