நான்காம் அறையின் சிவப்பு வரி

படியேறி வந்த பெண், உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் தூங்கலைங்க. மறக்கவும் இல்லை. இதை யார்கிட்டயாவது சொல்லிடணும்னுதான் வந்தேன்,” என்றாள்.

எதிரே இருந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நஷ்டங்களை விசாரிப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவரை எல்லோரும் ‘அண்ணி’ என்றே அழைத்தார்கள். கூடவே சுற்றும் கொழுந்தன் வாய்க்கு வாய் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டார். கணவர் போய் ஆறு வருஷம். கொழுந்தன் தினமும் காலையில் வந்துவிடுவார். விசாரணைக்கு உதவி என்று சொல்லிக்கொள்வார். அண்ணி சாப்பிட்டாரா என்று பார்க்கத்தான் அவர் வருகிறார் என்பது இருவருக்குமே தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

“முதல்லேர்ந்து சொல்லும்மா,” என்றார் அண்ணி.

அவள் மருந்துக் குளிர்கிடங்கில் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஷிஃப்டில் அவள் மட்டும்தான் இருப்பாள். கண்ட்ரோல் அறையில் ஒரு கம்ப்யூட்டர்; கறுப்புத் திரையில் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பதினோரு குளிர் அறைகளின் வெப்பநிலையும் வரி வரியாக வந்து விழும்.

“அளவுக்குள்ள இருந்தா வெள்ளை எழுத்து. எல்லையை நெருங்கினா மஞ்சள். தாண்டினா சிவப்பு. ஒவ்வொரு அறைக்கும் எல்லை வேற வேற. அதெல்லாம் யாருக்கும் மனப்பாடம் கிடையாது. நிறத்தைத்தான் பார்ப்போம்.”

“மணி கிணி அடிக்காதா?” என்றார் கொழுந்தன்.

“ரெண்டு வருஷமா ரிப்பேர் பண்றாங்க.”

போன ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு நான்காம் அறையின் குளிரூட்டி நின்றுபோனது. மாலை ஆறு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. குழந்தைகளுக்கான ஊசி மருந்து மொத்தமும் பாழ். ஆனால் அன்று முழுக்கத் திரையில் வெள்ளையைத் தவிர வேறு நிறமே வரவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள்.

“சூப்பர்வைசர் என்ன சொல்றார்?”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ரெண்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்தாராம். நாலாம் அறை சிவப்பா ஓடுறதைப் பார்த்து, மெக்கானிக்கைக் கூப்பிடுன்னு என்கிட்ட சொன்னாராம். நான் தலையாட்டினேனாம். ரவுண்ட்ஸ் நோட்டுல கையெழுத்து இருக்கு. ஆனா காலையில எட்டு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் ஒரு மனுஷ முகத்தைக்கூட நான் பார்க்கலைங்க. எந்த ஞாயித்துக்கிழமையும் பார்க்கறதில்லை.”

பதினெட்டு வருஷம் சர்வீஸ் உள்ளவர் சொல்வதா, எட்டு மாதமாக வேலை பார்ப்பவள் சொல்வதா? வெள்ளிக்கிழமை அவளை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மருந்தைக் கெடுத்தவள் என்று காகிதத்தில் எழுதியும் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எந்தக் கிடங்கும் அவளை வாசற்படி ஏற்றாது.

“வீட்ல?”

“அண்ணன் வீட்லதான் இருக்கேன். மூணு நாளா அண்ணன் என்கிட்ட பேசறதில்லை. அண்ணனோட சம்சாரம் சோறு போட்டு வச்சிட்டு உள்ள போயிடறாங்க.” சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை போவதைவிட அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகலே கிடங்குக்குப் போனார்கள். கிடங்கின் மேலாளர் பழைய இன்சூரன்ஸ் விசாரணைகளில் அண்ணியை அறிந்தவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு? ரெக்கார்டே இருக்கு. எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு நான்தான் கேட்டேன். ஞாயிறு காலையில ஏழரை மணிக்கு, புரோகிராம் எழுதினவர் அவர் வீட்ல இருந்தபடியே செஞ்சு கொடுத்தார். திரைக்குப் போறது அப்படியே ஒரு ஃபைல்லயும் பதிவாகுது. திரையில என்ன ஓடிச்சோ, ஒரு எழுத்துக்கூட மாறாம அதேதான் ஃபைல்லயும்.”

அவர் நீட்டிய தாளில் நான்காம் அறையின் எண்கள் ஒரு மணியிலிருந்து ஏறிக்கொண்டே போயிருந்தன. அண்ணி தாளைக் கொழுந்தனிடம் கொடுத்தார். ஃபைலையும் புரோகிராமையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கொழுந்தன் தன் லேப்டாப்போடு வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து நடத்தி இழுத்து மூடியவர். அந்த ஞானம் வீணாகப் போவதாக அவருக்கு ஒரு குறை உண்டு.

“புரோகிராம் எழுதினவன்தான் ஆளு அண்ணி. சந்தேகமே வேண்டாம்.”

“ஓட விட்டுப் பாருங்க.”

ஓடியது. எல்லை தாண்டிய எண்ணைக் கொடுத்ததும் வரி பளிச்சென்று சிவந்தது. கொழுந்தனின் முகம் தொங்கிப்போயிற்று. “ஒழுங்காத்தான் எழுதியிருக்கான், பாவி.”

“இந்த நிறம் எப்படி வருது தம்பி?”

கேட்க மாட்டாரா என்று காத்திருந்த கேள்வி. கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிறம்னு தனியா ஒண்ணும் வர்றதில்லை அண்ணி. எழுத்துக்கு முன்னாடி ஒரு குறி வரும். ஒரு அடைப்புக்குறி, முப்பத்தொண்ணு, ஒரு இங்கிலீஷ் எம். அதைப் பார்த்ததும் திரை சிவப்புக்கு மாறிக்கும், குறியை மறைச்சிடும். ஆனா ஃபைலுக்கு மறைக்கத் தெரியாது. அதுல போனா குறி அத்தனையும் குப்பையா அப்படியே நிக்கும்.”

“நம்மகிட்ட இருக்கிற ஃபைல்ல குப்பை இருக்கா?”

கொழுந்தன் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். “துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒரு குறிகூட இல்லை.”

அண்ணி ஃபைலைத் தானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, “நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே எல்லாரையும் ஒரு அறையில உட்கார வைங்க,” என்றார்.

கண்ட்ரோல் அறை சின்னது. ஒரே ஒரு நாற்காலிதான் அங்கே எப்போதும் இருப்பது. மற்றவற்றைப் பக்கத்து அறையிலிருந்து இழுத்து வர வேண்டியிருந்தது. மேலாளரும் சூப்பர்வைசரும் உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் சுவரோரம் நின்றாள்.

“ஐயா, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு இந்தத் திரையில என்ன பார்த்தீங்க?” என்று அண்ணி நிதானமாகக் கேட்டார்.

“எத்தனை தடவைம்மா சொல்றது? நாலாம் அறை வரி சிவப்பா இருந்தது.” சூப்பர்வைசர் அலுத்துக்கொண்டார்.

“எண்ணைப் படிச்சீங்களா?”

“எண்ணை எதுக்குப் படிக்கணும்? வாசல்லேர்ந்தே தெரிஞ்சுது. நல்ல சிவப்பு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“மஞ்சளா இருந்திருக்கலாமோ?”

“எனக்கு மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதா?”

அண்ணி தலையசைத்துவிட்டு மேலாளரிடம் திரும்பினார். “புரோகிராம் ஞாயிறு காலையிலிருந்து இப்ப வரைக்கும் அப்படியேதானே ஓடுது? யாரும் தொடலையே?”

“தொடக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

“தம்பி, போங்க.”

கொழுந்தன் நான்காம் அறைக்குப் போனார். அங்கே வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. ஐந்து நிமிஷம் ஆனது. திரையில் பதினோரு வரிகள் வந்து விழுந்தன. நான்காம் அறை: முப்பத்திரண்டு டிகிரி. எழுத்து சுத்தமான வெள்ளை.

மேலாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். “ஏன் சிவப்பா வரலை?”

“இந்தப் புரோகிராம் ஒரு பழக்கத்தோட எழுதப்பட்டிருக்கு,” என்றார் அண்ணி. “நேரே திரைக்குப் பேசினா நிறம் குறியோட சேர்ந்து வரும். நடுவில் வேற வழியா, ஃபைல் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சா, குப்பை சேரக் கூடாதுன்னு நிறத்தைத் தானே விட்டுடும். நல்ல எண்ணத்துல வச்ச பழக்கம்தான். நீங்க ரெக்கார்ட் கேட்டீங்க. அவர் புரோகிராமை ஃபைல் வழியா திருப்பிவிட்டார். ஃபைலுக்கும் திரைக்கும் ஒரே தண்ணிதான் பிரிஞ்சு போகுது. அதுல நிறம் கலக்கவே இல்லை. இங்க வெள்ளைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம். அதனால இந்தப் பொண்ணு நாள் பூரா எல்லாம் சரின்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா.”

“எனக்கும் புரோகிராம்காரருக்கும் இது தோணவே இல்லை,” என்றார் மேலாளர். அவர் குரல் இறங்கியிருந்தது.

“தோணலை. அது தப்பு, பொய் இல்லை.” அண்ணி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “திரையில சிவப்பு வந்திருந்தா ஃபைல்ல அந்தக் குறி நின்னிருக்கும். ஒண்ணுகூட இல்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு அப்புறம் இந்தத் திரையில சிவப்பை யாரும் பார்த்திருக்க முடியாது. இங்க வந்திருந்தா, வெள்ளையா இருந்துச்சுன்னு சொல்லியிருப்பீங்க. வராதவங்கதான் வழக்கமா இருக்கிறதைச் சொல்வாங்க.”

கொழுந்தன் கையைத் துடைத்தபடி திரும்பி வந்து, சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு மாசமா ஞாயித்துக்கிழமை வர்றதில்லை,” என்றார் கடைசியில். “திங்கக்கிழமை நோட்டுல சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடுவேன். இங்க ஒரே ஒரு ஆளுதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு...” வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

அந்த ‘ஒரே ஒரு ஆள்’ சுவரோரம்தான் நின்றிருந்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேலாளர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நிறத்தோடு வார்த்தையும் வரும்படி புரோகிராமை மாற்றச் சொல்வதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு ஆள் போடுவதாகவும் சொன்னார். வேலை போகாது, காகிதத்தில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

வெளியே வந்ததும் ஆபரேட்டர் கேட்டாள்: “நான் வந்து சொன்னப்பவே நம்பிட்டீங்களா?”

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. “இல்லைம்மா. ஃபைலைப் பார்த்த பிறகுதான்.”

அவள் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “பார்க்கணும்னு தோணிச்சே, அது போதும்,” என்றாள்.

அப்போதே அவள் செல்போன் அடித்தது. நாலு நாளில் முதல்முறையாக அவளுடைய அண்ணன். மேலாளர் அதற்குள் வீட்டுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். அண்ணியும் கொழுந்தனும் நாகரிகமாக நாலடி தள்ளிப் போனார்கள். ஆனாலும் அண்ணனின் குரல் உரக்கவே கேட்டது. உற்சாகமான குரல். “எனக்கு அப்பவே தெரியும்மா, நீ அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்னு.”

அவளுக்கு அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

“உனக்குத் தெரியலைண்ணா,” என்றாள். “தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பே.”