கைலாயம் போனவர்

விடியும்போதே முன்னறையில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அம்மா அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பாவாடை தைத்தால் மெஷின் ஒரே சீராக ஓடும். இது கொஞ்சம் ஓடியது, திணறியது, நின்றது. தடித்த துணி. குளிருக்குத் தைக்கிற துணி.

"பால் பொங்கி வழியுது! கண்ணுதான் இல்லேன்னா மூக்குமா இல்ல?" என்று முன்னறையிலிருந்தே அத்தை சத்தம் போட்டாள்.

அம்மா அவசரமாக அடுப்பை அணைத்தாள். அன்று பத்து மணிக்கு, கைலாயத்துக்கு ஆள் கூட்டிப்போகும் யாத்திரைக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டால் அதற்குப் பிறகு அத்தையை நிறுத்த யாராலும் முடியாது.

அத்தை, அப்பாவுடன் பிறந்த அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்ந்தவள். கணவரைப் பறிகொடுத்தபின் தம்பி வீடுதான் அவள் வீடு. அப்பா கிரேன் ஓட்டுபவர். எங்கெங்கோ கட்டடம் எழும்பும் ஊர்களிலேயே பாதி நாள் இருப்பார். அவருக்கு ஒரே ஆசை கைலாய மலை. கேபினுக்குள் அதன் படத்தை ஒட்டி வைத்திருப்பாராம். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, ஒருநாள் இப்படியே கைலாயம் போயிடுவேன். தேடாதீங்க!" என்பார். "போடா, முதல்ல மாடிப்படி ஏறு ஒழுங்கா, மூச்சு வாங்குது உனக்கு" என்பாள் அத்தை. எனக்கு அவரைப் பற்றி நினைவிருப்பது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

நான் பள்ளியில் சேர்ந்த வருஷம் அப்பா கைலாயம் போய்விட்டார். அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது. அப்படித்தான் அத்தையும் நம்பினாள்.

"உன் வாய்க்குப் பயந்துதான் என் தம்பி மலையேறினான்." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன்! துணி காயப்போட நேரமானாலும் இதுதான், தண்ணீர் பிடிக்க மறந்தாலும் இதுதான். "பொண்டாட்டி சரியா இருந்தா ஒருத்தன் ஏன் சாமியாராப் போறான்? சொல்லு!" அம்மா சொல்லமாட்டாள். மோர் தம்ளரை அத்தை பக்கத்தில் வைத்துவிட்டு, மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு கடிதம்கூடப் போடாத மனுஷனை அவள் ஏசியதுமில்லை, அவருக்காக அழுததுமில்லை. கல்நெஞ்சக்காரி என்று உறவில் பெயர் வாங்கியிருந்தாள்.

உண்மை வேறு. அதைப் பிற்பாடு அம்மாவே எனக்குச் சொன்னாள். அத்தையும் அம்மாவும் இன்று இல்லை. அந்த வீட்டில் மிஞ்சியது நான் ஒருத்திதான் என்பதால், எழுதிவைக்கிறேன்.

அத்தைக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, கண் விழித்துக் கிடந்த சமயம் அது. அப்பா வேலை பார்த்த ஊரிலிருந்து அம்மாவுக்கு ஆள் வந்தது. கிரேன் சாய்ந்துவிட்டது. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மா தனியாகப் போனாள், கூட வேலை பார்த்தவர்கள் அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக, பின்னாலேயே நடந்து போய், எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினாள். நேரே ஆஸ்பத்திரிக்கு. "அதிர்ச்சியான சேதி எதையும் இப்ப இவங்க காதுல போடாதீங்கம்மா, தாங்கமாட்டாங்க" என்று டாக்டர் வாசலிலேயே மறித்துச் சொன்னார். ஆனால் உள்ளே நுழைந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வியே, "எங்கடி அவன்? அக்கா இப்படிக் கெடக்கேன், வந்து பாக்கமாட்டானா?"

எங்கள் வீட்டில் சாவு என்கிற வார்த்தை கிடையாது. கணவர் போனதிலிருந்து அத்தை அதை நாக்கில் சேர்த்ததில்லை, பிறர் சொன்னாலும் விடமாட்டாள். செடி பட்டுப்போனால்கூட 'வாடிடுச்சு' என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பழக்கத்தில், மறைக்கவும் தெரியாமல், சொல்லவும் நா எழாமல், அம்மாவின் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அவர்... கைலாயம் போயிட்டாரு அண்ணி."

வேறு எந்த வீட்டில் யார் கேட்டிருந்தாலும் அலறியிருப்பார்கள். அத்தையின் முகம் மலர்ந்தது.

"போயிட்டானா! சொன்ன மாதிரியே போயிட்டானா படவா! எனக்குக் குணமாகணும்னு வேண்டிக்கத்தான் போயிருப்பான்... எனக்குத் தெரியும்!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே தூங்கிப்போனாள். அந்தக் கை விரல்களை அம்மாவால் பிரிக்க முடியவில்லை. அப்போது சொல்ல முடியாதது, அப்புறம் சொல்லவே முடியாததாகிவிட்டது.

இந்த யாத்திரைப் பேச்சு எழுந்த சமயம் அத்தை வயதானவள், நெஞ்சு மறுபடி தளர்ந்திருந்தது. கண் மூடுவதற்குள் தம்பியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மானசரோவர் கரையில் சாமியார்கள் இருப்பார்கள், விசாரித்தால் கிடைத்துவிடுவான் என்று அவளுக்கு ஒரு கணக்கு. போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்த நான்தான் அப்பாவின் பழைய படத்தில் தாடியும் ஜடையும் சேர்த்து, இப்போது எப்படியிருப்பார் என்று ஒரு படம் தயாரித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அம்மா சலவைக்கு எடுத்த துணியோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் அதை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மலைக்குப் பயிற்சி என்று அத்தை தினமும் மொட்டைமாடிவரை ஏறினாள். அம்மா பின்னாலேயே பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள்.

"எதுக்குடி ஸ்டூல்?"

"கொடியில துணி எட்டலைண்ணி."

"இத்தனை வருஷமா எட்டுச்சே, இப்ப என்ன குள்ளமாயிட்டியா?"

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அத்தையின் உதடு வெளுக்கும். அம்மாவின் உதடு அதைவிட வெளுக்கும். "அண்ணி, வேணாம்... அங்க காத்தே இருக்காதாம். நல்ல நெஞ்சுக்காரங்களே விழுந்துடுறாங்களாம்..." என்று கெஞ்சினாள். "நான் விழுந்தா உனக்கென்ன? என் தம்பி வந்து தூக்குவான். அவன் திரும்பி வந்துட்டா உன் வண்டவாளம் வெளியே வந்துடும், அதானே உன் பயம்!" என்றாள் அத்தை.

எனக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று காலை நான் அத்தையின் பாஸ்போர்ட்டையும், துணைக்குப் போகிற என்னுடையதையும் எடுத்து மேஜைமேல் வைத்தபோது, அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா, அத்தையோட ஆபரேஷன் விஷயத்தை யாத்திரைக்காரர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா கூட்டிட்டுப் போகமாட்டார்."

"அப்ப சொல்லு."

"ஏம்மா இப்படி இருக்கே? நீதான் அப்பாவைத் தேடிப் போகலே. போறவங்களையாவது விடேன்! அவங்க கூடப் பிறந்தவங்க. நீ யாரு... விட்டுப் போனாப் போகட்டும்னு இருந்தவதானே!"

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முன்னறையில் மெஷின் நின்றது.

"இங்க வா," என்று அத்தை அம்மாவை அழைத்தாள். மெஷின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு முழுக்கை கோட்டு கிடந்தது. உள்ளே கம்பளித்துணி வைத்து, கழுத்துவரை மூடும்படி தைத்திருந்தாள். ஒரு கை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. "அவன் அங்க நடுங்கிக்கிட்டுக் கெடப்பான். கழுத்து அளவு எனக்கு மனசுல இருக்கு. தோள்தான் பிடிபடல. இந்தப் பக்கம் விட்டா தொளதொளன்னு இருக்கு, அந்தப் பக்கம் விட்டா பிடிக்குது. நீ கட்டிக்கிட்டவதானே? எவ்வளவு இருக்கும்னு கையால காட்டு."

அம்மா அசையவில்லை.

"காட்டுடி! புருஷன் தோள்கூட மறந்துபோச்சா?"

அம்மாவின் இரண்டு கைகளும் தாமாக எழுந்தன. காற்றில், ஓர் ஆள் அகலத்துக்கு, தயங்கி விரிந்து நின்றன. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கப் பார்க்க முகம் கோணிக்கொண்டு போனது. கைகளை மட்டும் கீழே இறக்கவேயில்லை.

"அண்ணி... அவருக்கு இனி எந்த அளவும் வேணாம்."

"என்ன உளர்றே?"

"அவர் செத்துட்டாரு அண்ணி."

அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் ஒலித்தது அதுதான் முதல் தடவை. அத்தை கையில் இருந்த கத்தரிக்கோலை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"நாக்கை அடக்கு!"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில... நான் அதைத்தான் சொன்னேன். வேற மாதிரி சொல்ல வரல. நீங்க சிரிச்சீங்க! அண்ணி, நீங்க அப்படிச் சிரிச்சீங்க... நான் என்ன பண்ணுவேன்! கிரேன் சாஞ்சிடுச்சு. நான்தான் போய்... நான் மட்டும்தான் போய்..."

"பொய்யா?" என்று நான் கத்தினேன். "இத்தனை வருஷமும் பொய்யா? என்கிட்டயுமா!"

"நீ சும்மா இரு," என்றாள் அத்தை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து அம்மாவின் எதிரே வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கன்னத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"முகம் பாத்தியா?" என்றாள் அத்தை. குரலே அவளுடையதாக இல்லை.

"பாத்தேன்."

"எப்படி இருந்தான்?"

"தூங்குற மாதிரிதான்... முகத்துல ஒரு காயமும் இல்லண்ணி."

"கூட யாரும் இல்லையா உனக்கு?"

"இல்ல."

"முடிச்சுட்டு நேரா என்கிட்டயா வந்தே?"

"ஆமா. நீங்க தண்ணி கேட்டீங்க. ஸ்பூன்ல கொடுத்தேன்."

அத்தை அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுடுநீரிலும் சோப்பிலும் வெந்துபோன கை.

"அழுதியாடி?"

அம்மா தலையை ஆட்டினாள். "வீட்ல எப்படி அழறது? நீங்க பாத்துட்டா... சலவைக்கூடத்துல ஆவி அடிக்கும். அங்க எல்லார் முகமும் நனைஞ்சேதான் இருக்கும். அங்க கொஞ்சம்... சத்தம் வராம..."

"நான் உன்னை என்னென்ன சொன்னேன்! நாயைச் சொல்ற மாதிரி சொன்னேனே! ஒரு நாளாவது திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? வாயைத் திறந்திருக்கக் கூடாதா பாவி!"

"திறந்தா நீங்களும் போயிடுவீங்களோன்னு பயம். ஒருத்தரை அனுப்பிட்டு வந்தேன். இன்னொருத்தரையும் அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல." அம்மா நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுமட்டுமில்லண்ணி. நீங்க என்னைத் திட்டும்போதெல்லாம் அவர் எங்கயோ இருக்கிற மாதிரிதானே பேசுவீங்க... அங்க குளிருமோ, சாப்பிட்டானோன்னு... அதைக் கேக்க எனக்கும் வேண்டியிருந்துச்சு. அதனாலயும்தான் சொல்லல."

அத்தைக்கு நெஞ்சு ஏறி இறங்கியது. நான் ஓடிப்போய் மாத்திரை டப்பாவை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு மாத்திரையை அத்தையின் நாக்கின் அடியில் வைத்தாள். நாங்கள் இருவரும் அத்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். வந்தது. போனது. மறுபடி வந்தது. அம்மா இத்தனை காலமும் அஞ்சிக்கொண்டிருந்த நொடி அதுதான். அது அத்தையைத் தொட்டுவிட்டு, விட்டுவிட்டுப் போனது.

"நான் எங்கயும் போகல," என்றாள் அத்தை திணறிக்கொண்டே. "பயப்படாதே. இங்க வா... என் மடிக்கு வா. அவனைப் போட்ட மடிதான்."

தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அம்மாவைத் தோளைப் பிடித்து இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

"அழுடி! வாய்விட்டு அழு. உன் புருஷன் போயிட்டான்டி! யாருக்குப் பயந்து இன்னும் அடக்குறே? அழு!"

முதலில் அம்மாவுக்கு வரவேயில்லை. இருமல் மாதிரி ஏதோ வந்தது. அத்தை அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்போது வந்ததே ஒரு சத்தம்... என் அம்மாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அத்தையும் கூடச் சேர்ந்து, "என் ராசா... என்னை விட்டுட்டுப் போனியேடா... இவளைத் தனியா விட்டுட்டுப் போனியேடா..." என்று தலையை ஆட்டி ஆட்டிக் கதறினாள். நான் எப்போது அவர்களோடு போய் உட்கார்ந்தேன், யார் கை என் தலைமேல் இருந்தது என்று தெரியவில்லை.

திறந்திருந்த வாசலில் யாத்திரைக்காரர் வந்து நின்றார். படியேறும்போதே சத்தம் கேட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கினார்.

"என்னம்மா... யாருக்கு என்ன?"

"என் தம்பி," என்றாள் அத்தை. "தவறிட்டான்."

"ஐயோ... எப்பம்மா?"

அத்தை குனிந்து, மடியில் முகம் புதைத்து அதிர்ந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். கலைந்துகிடந்த அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்பத்தான்," என்றாள்.