பேக்கரிக்காரரின் மஞ்சள் கார்

சலூன்காரரின் மகளை எல்லோரும் ‘மிளகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவள், காரம் அதிகம்.

அவள் அப்பாவிடம் ஒரு மஞ்சள் கார் இருந்தது. இரண்டே கதவுகள். பொத்தானை அமுக்கினால் முன்விளக்குகள் தவளைக் கண்போல மேலே எழும்பும். முப்பது வருடத்துக்கு முன்பு கொஞ்சமே செய்து நிறுத்திவிட்ட ரகம். ஊரில் அதே மாதிரி இன்னொன்று எதிர்க்கடை பேக்கரிக்காரரிடம் மட்டும் இருந்தது. யாருடைய கார் உசத்தி என்று இருவரும் தினமும் மல்லுக்கட்டுவார்கள்.

அன்று மிளகு பள்ளிவிட்டு வந்தபோது பேக்கரி வாசலில் ஒரு லாரி நின்றது. பேக்கரிக்காரர் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கார் எங்க போகுது மாமா?”

“பழைய இரும்புக் கடைக்கும்மா. பெட்ரோல் பம்ப் போயிடுச்சு. எங்க தேடியும் வேற கிடைக்கல.”

“அப்புறம் எதுக்குத் துடைக்கிறீங்க?”

“அழுக்கோட எப்படிம்மா அனுப்புறது?” என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா உபரியாக வாங்கிவைத்த அதே பம்ப் ஒன்று சலூன் இழுப்பறையில், துண்டில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறதே! மிளகு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

அப்பா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

“அப்பா, நம்மகிட்ட இருக்கிற பம்பைப் பேக்கரி மாமாவுக்குக் கொடுத்துடலாம்பா. அவர் காரை உடைக்கக் கொண்டுபோறாங்க.”

“விளையாடுறியா? இருக்கிறதே ஒண்ணு!” அப்பா குரலைத் தாழ்த்தினார். “அவர் கார் போயிட்டா ஊர்லயே நம்மது ஒண்ணே ஒண்ணு. மதிப்பு எங்கேயோ ஏறிடும்.”

“அந்த மதிப்பு யாருக்குப்பா தெரியும்?”

“என்ன கேள்வி இது? எல்லாருக்கும்தான்!” அப்பா நாற்காலியில் இருந்தவரிடம் குனிந்தார். “சார், நம்ம கார் விளக்கு எழும்புறதைப் பாத்திருக்கீங்களா?”

அவர் அரைக்கண் திறந்தார். “எது, வாசல்ல நிக்கிற பழைய வண்டியா?” மறுபடி தூங்கிப்போனார்.

மிளகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “பாத்தீங்களா? அதோட அருமை தெரிஞ்சவர் பேக்கரி மாமா ஒருத்தர்தான். நாளையிலேர்ந்து யார்கிட்டப்பா பெருமை பேசுவீங்க?”

அப்பாவின் கத்தி அப்படியே நின்றது. வெளியே லாரிச் சங்கிலி கடகடத்தது. எட்டிப் பார்த்தார். பேக்கரிக்காரர் தன் காரின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, நிறுத்தச் சொல்லு!” என்று இழுப்பறைக்குப் பாய்ந்தார்.

பம்பைப் பார்த்ததும் பேக்கரிக்காரர் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். “உங்களுக்கு வேணுமே...” என்று இழுத்தார்.

“எனக்கு ஒண்ணுன்னா நீங்க சும்மா இருந்துடுவீங்களா? பிடிங்க!”

இருவரும் காருக்கு அடியில் புகுந்தார்கள். லாரிக்காரர் டார்ச் அடித்தார். சலூனில் தூங்கியவர்கூடப் பாதிக் கன்னத்தில் நுரையோடு வந்து நின்றார்.

சாவியைத் திருப்பியதும் கார் இருமியது. அப்புறம் அடங்கிவிட்டது. மிளகு கண்களை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி திருப்பினார்கள். கார் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது!

“அப்பாடா!” என்றார்கள் எல்லோரும். பேக்கரிக்காரர் அழுதுகொண்டே சிரித்தார்.

“அப்போ நான் வெறுங்கையோடவா போறது?” என்றார் லாரிக்காரர். அவர் கையில் ஒரு கேக் டப்பா ஏறியது.

காலி லாரி தெருமுனையில் திரும்பி மறையும்வரை மிளகு கையசைத்துக்கொண்டே இருந்தாள்.