மார்புக்குள் ஒரு பூட்டு

படுக்கையருகே இருந்த வெள்ளைப் பெட்டியின் விளக்கு எரியக் கூடாத நேரத்தில் எரிந்தது. அவர் நெஞ்சுக்குள் இருக்கும் இதயக் கருவியோடு இரவில் மட்டும் பேசிவிட்டு, பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் பெட்டி அது. இப்போதோ ஜன்னல் கம்பிகளின் நிழல் மெத்தையில் கோடுகோடாகக் கிடக்க, மருந்து வாடையும் பிளாஸ்டிக் வாடையும் தேங்கிய அறையில் பச்சைப் புள்ளி மின்னியது. இரண்டு முறை வேகமாக. ஓர் இடைவெளி. பிறகு ஒரு முறை.

அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தக் கருவியைச் செய்யும் கம்பெனியில் அவர் மேலாளராக இருந்தபோது, அவர் அறைக்கு வெளியே காத்திருக்கும், மென்பொருள் எழுதும் பெண் பேனாவால் நாற்காலியை அப்படித்தான் தட்டுவாள். சோதனைக்காகத் திறந்த கள்ளவழியை அடைக்காமலே மென்பொருளை வெளியே விட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து துடிப்பையே மாற்றலாம் என்று சொன்னாள். அவள் மார்பிலும் அதே கருவிதான்.

"என் நெஞ்சுக்குள்ள ஓடுறதை நானே சரிபண்ணக் கூடாதா சார்?"

"அது கம்பெனி சொத்தும்மா. கொஞ்சம் பொறு."

நெஞ்சு அவளுக்கு, சொத்து கம்பெனிக்கு. என்ன அழகான பங்கீடு! அவள் திருத்தப்போய் விஷயம் கசிந்துவிடாமலிருக்க, திருத்தங்களை அனுமதிக்கும் டிஜிட்டல் சாவியையே அழிக்கச் சொன்னார் அந்த மகானுபாவர். சில வாரங்களில் அவள் அதே நாற்காலியில், கையில் பேனாவோடு, துடிப்பு நின்று சாய்ந்து கிடந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவரே மயங்கி விழுந்தபோது, மருத்துவமனைக் கையிருப்பில் இருந்தது அதே கம்பெனிக் கருவி ஒன்றுதான். கண் விழிப்பதற்குள் உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

"ஏங்க, யாரு கதவைத் தட்டுறது?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

பெட்டியின் வயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. சத்தம் நிற்கவில்லை. டக்-டக். டக்.

பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்தவன் அவரிடம் வேலை பார்த்தவன்.

"என் ஒரு கருவிக்கு மட்டும் அந்த வழியை அடைச்சுக் குடுப்பா. உன் காலைப் பிடிக்கிறேன்."

"எப்படி சார்? சாவிய நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க. இனி எங்களாலயும் அதைத் திறந்து திருத்த முடியாது." மறுமுனை தயங்கியது. "சார்... அங்க யாரு பேனாவால தட்டுறது?"

போன் நழுவியது. சட்டைப் பித்தானைக் கழற்றினார். தையல் தழும்பு எழும்பியது. உள்ளிருந்து. டக்-டக். டக்.

ஈரக் கையோடு ஓடிவந்த மனைவி அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகம் வெளுத்தது.

"இங்கேர்ந்தா வருது?"

டக்-டக்.

இடைவெளி.

பிடுங்கிய வயர் தரையில் கிடந்தது. பெட்டியில் பச்சைப் புள்ளி மறுபடி எரிந்தது, சிமிட்டாமல். மனைவியின் கைக்கடியில் ஒன்றுமே அசையவில்லை. மூச்சைப் பிடித்தபடி, அடுத்த தட்டுக்காக அவர் காத்திருந்தார். உள்ளே தட்டுகிறவளுக்கு அவசரமே இல்லை.