தலைக்கு மேலே துண்டுக் கோடு

அந்தக் கோடு அவள் போட்டதல்ல.

லேப்டாப் திரையில் வீட்டின் பிளான் விரிந்து கிடந்தது. கூடம், சமையலறை, நடை, நடையின் கோடியில் அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் பின்னறை, எல்லாம் காலையிலிருந்து அவளே டேப்பைப் பிடித்து அளந்து ஏற்றியவை. ஆனால் பின்னறையின் மூலையில், ஒரு ஆள் படுக்கும் நீளத்தில், விட்டு விட்டுப் போகும் கோட்டால் ஆன ஒரு கட்டம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்ட உறவுக்காரர் மாதிரி.

இன்ஜினியர் ஆபீசில் அவளுக்குப் பூசணி என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்ததல்ல. ஆள் துடைப்பக் குச்சி. வேலையைப் பார்த்து வைத்தது. படத்தில் உபரியாக ஒரு கோடு துருத்திக்கொண்டு நின்றால் மற்றவர்கள் அது எங்கிருந்து வந்தது, எந்தச் சுவர் எதனோடு சேரவில்லை என்று தோண்டித் துருவுவார்கள். இவள் அந்தக் கோட்டின் வகையை 'இன்விசிபிள்' என்று மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். கோடு எங்கும் போய்விடாது, அங்கேயேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை. பிரிண்ட் எடுத்தால் கண்ணாடி மாதிரி வரும். அந்தக் கண்ணாடியைக் காட்டித்தான் இன்ஜினியர் வேலை பிடிக்கிறார் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

வீடு இன்ஜினியர் புது ஆபீசுக்கென்று வாங்கிப் போட்டது. முன்பு இருந்தவர்கள் தண்ணீர்க் கஷ்டத்தால் காலி செய்ததாகத் தெருவில் பேச்சு. குழாயைத் திறந்தால் தண்ணீர் முகத்தில் அடித்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, விலை அவ்வளவு மலிவு. நாளை உள்சுவர்களை இடித்து மாற்ற ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் பிளான் கைக்கு வர வேண்டும். அவள் இங்கே ஏற்றுவது அப்போதைக்கப்போது ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஏறிவிடும். கணவர் காலையில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "இருட்டறதுக்குள்ள வந்துடறேன், நீ பாட்டுக்கு யாரோடயாவது ஊர்க்கதை பேசப் போயிடாத," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிளான் என்பது பெரிய மந்திரமில்லை. வீட்டை நெஞ்சு உயரத்தில் குறுக்கே அறுத்து, மேல்பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, உச்சியிலிருந்து எட்டிப் பார்ப்பது. கத்தி பட்ட சுவர்கள் தடித்த கோடு. அறுத்த மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாற்காலி, மேடை, தரை எல்லாம் மெல்லிய முழுக் கோடு. அந்த மட்டத்துக்கு மேலே இருக்கிற பரண், உத்தரம் போன்றவை மட்டும் துண்டுக் கோடு. துண்டுக் கோடு என்றால் தலைக்கு மேலே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

நிமிர்ந்து பார்த்தாள். வெறும் தளம். ஒரு ஈரக்கறை, அதைச் சுற்றி உரிந்த சுண்ணாம்பு. பரணும் இல்லை, பரண் இருந்து எடுத்த தழும்பும் இல்லை. சுட்டியை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். எதன் மேல் வைத்தாலும் அது சுவர், இது கதவு என்று பெயர் காட்டுகிற சாஃப்ட்வேர், இதற்கு மட்டும் பெயர் சொல்லாமல் பேசாமடந்தையாக இருந்தது.

இன்ஜினியருக்கு போன் போட்டாள்.

"சார், பின்னாடி ரூம்ல பரண் ஏதாவது இருந்துச்சா?"

"அந்த ரூம்ல கட்டில் போட்டா கால் நீட்ட எடமில்ல, இதுல பரணு வேறயா? ஏம்மா?"

"டாட்டட்ல ஒரு கட்டம் தெரியுது சார். நான் போடல."

"போட்டதயே தெரியாம பண்றவ நீ, இப்ப போடாததெல்லாம் தெரியுதாக்கும்?" அவர் தம் ஜோக்குக்குத் தாமே சிரித்துக்கொண்டார். "வழக்கம்போல மறைச்சுட்டு முடிச்சுடும்மா."

மறைத்தாள். ஒரு சொடுக்கு. மூலை துடைத்துவிட்டது போல ஆயிற்று.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த வெளிச்சம் பழைய வேட்டியின் நிறத்துக்கு மங்கியது, நனைந்த சுண்ணாம்பின் வாசனை எழுந்தது, அதற்கு அடியில் வேறொன்றும், நாள்கணக்கில் தலைக்குக் குளிக்காதவர்கள் படுத்த தலையணையின் எண்ணெய்ச் சிக்கு போல ஒன்று, மெதுவாக, இடம் கேட்டுக்கேட்டு வருவது போல மூக்குக்குள் வந்து உட்கார்ந்தது. தளத்தின் மேல் மழை தாளம் போட்டது. தாளத்துக்கு நடுவே ஈரச் சாக்கை இழுப்பது போல ஓர் உராய்வு. மொட்டை மாடியில் அல்ல. தளத்துக்கு இந்தப் பக்கம்.

திரையைப் பார்த்தாள். துண்டுக் கோடு மறுபடி இருந்தது. மூலையில் அல்ல, மூலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே. இப்போது அது கட்டமாகவும் இல்லை, ஒரு முனை உருண்டிருந்தது.

மறைத்தாள். ஜன்னலடியில் வந்தது. மறைத்தாள். நாற்காலிக்குப் பின்னால் வந்தது. சமையல் மேடையில் எறும்பு நசுக்குகிற விரல் மாதிரி அவள் விரல் யோசனையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பயம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் வேலை இருந்தால் பயம் வாசலில் நிற்கும் என்பது அவள் கட்சி.

அடுத்ததாக வந்தது துண்டுக் கோடு அல்ல.

முழுக் கோடு. மெல்லியது, எங்கும் விடுபடாதது. நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே. அப்படியென்றால் அது நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வந்துவிட்டது.

தரையைப் பார்த்தாள். யாரும் இல்லை, எதுவும் இல்லை. காலையிலிருந்து அவள் வெறுங்காலோடு நடந்த தடங்கள் தூசியில் பதிந்து கிடந்தன. நடுவில் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, தடமும் இல்லை, தூசியும் இல்லை. பளபளவென்று தரை.

திரையில் அந்தக் கோடும் இல்லை. அவள் விரல் அதற்குள் பழக்க தோஷத்தில் சொடுக்கியிருந்தது.

மறைத்த கோட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் அதன் மேல் சொடுக்க வேண்டும். சொடுக்க வேண்டுமானால் அது இருக்கும் இடம் தெரிய வேண்டும். மூலையில் மறைத்தது, ஜன்னலடியில் மறைத்தது, நாற்காலிக்குப் பின்னால் மறைத்தது. ஒன்றேயா, பலவா? எதையும் அவள் அழிக்கவில்லை. எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. எங்கே என்பது மட்டும் இனிமேல் தெரியாது.

வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிளானும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

எழுந்தாள். தரையில் அந்தப் பளபளப்பு சற்று முன் கதவருகில் முடிந்திருந்தது. இப்போது அவள் கால் விரல்களுக்கு முன்னால் முடிந்தது. காலைப் பின்னுக்கு இழுத்தாள். எண்ணெய்ச் சிக்கு வாசனை முகத்துக்கு நேராக வந்தது, சூடாக.

திரையில் ஏதோ அசைந்தது. சுட்டி. அவள் கை அதில் இல்லை.

பிளானில் கதவைக் குறிக்கும் வளைவுக் கோட்டின் மேல் போய் நின்றது. வளைவு மறைந்தது. நிலைப்படியின் கோடுகள் மறைந்தன. அந்த இடத்தில் சுவரின் தடித்த கோடு இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துகொண்டது. அடுத்து ஜன்னல்.

அறை இருண்டது.

தலையைத் திருப்பினாள். கதவு இருந்த இடத்தில் சுவர். அதே சுண்ணாம்பு, அதே ஈரம், ஒரு கீறல் கூட இல்லாமல், என்றைக்கும் அப்படியே இருந்தது போல.

ஓடிப்போய்த் தடவினாள். குத்தினாள். சத்தம் எழவில்லை. நனைந்த மெத்தையில் குத்துவது போல.

அப்போது பைக் சத்தம் கேட்டது. உயிர் வந்தது.

"ஏம்மா, எங்க இருக்க? மழை வலுக்குது, கெளம்பு."

"இங்கங்க! பின்னாடி ரூம்ல! இங்க!"

கூடத்தில் செருப்புச் சத்தம். நடையில். நெருங்கி, நெருங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. ஒரு சாண் தூரம். அவர் மூச்சு வாங்குவது கூடக் கேட்டது.

"என்னங்க! நான் இங்கதான் இருக்கேன்! செவுத்த ஒடைங்க!"

"சார், நான்தான் பேசறேன்," என்றார் அவர், போனில். "ஆளக் காணோம் சார். செருப்பு வாசல்லதான் கெடக்கு... எந்த ரூம்? பின்னாடி ரூமா? நடை முடிஞ்சா செவருதான சார் இருக்கு."

போனுக்குள் இன்ஜினியரின் குரல் கரகரத்தது.

"பிளான் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா? பாருங்க... ஆங், அதுலயும் செவரு தானா? அப்பறம் என்ன சார், ரூம் ரூம்னு நீங்களும் கொழப்பறீங்க."

அவள் போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டாள். சுவருக்கு அப்பால் மணி அடித்தது.

"ஹலோ? ஹலோ... எங்கம்மா இருக்க? ஒண்ணுமே கேக்கல. ஹலோ?"

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவர் காதோடு காதாக.

"செருப்பு கூடப் போடாம பக்கத்துல போய்ப் பேச்சுத் தொணைக்கு யாரயாவது புடிச்சிருப்பா," என்று அவர் தமக்குள் முணுமுணுத்தார். "போற எடமெல்லாம் இதே பொழப்பு." செருப்புச் சத்தம் நடையில் திரும்பியது. கூடத்தில். வாசலில். கதவைச் சாத்தும் சத்தம். பூட்டு.

சுவரில் முதுகு வைத்து அவள் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். இருந்த வெளிச்சம் அது ஒன்றுதான்.

பிளானில் இப்போது இந்த அறைக்குப் பெயர் இல்லை. வாசல் இல்லை. நாலு பக்கமும் தடித்த கோடு. உள்ளே சுவரை ஒட்டி, மெல்லிய முழுக் கோட்டில், சின்னதாக ஒரு வட்டம். வட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவே ஒரு கோடு.

அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலையை லேசாகச் சாய்த்தாள். திரையில் வட்டம் சாய்ந்தது. நடுவில் ஓடியது அவள் வகிடு.

வட்டத்தைச் சுற்றி ஒவ்வொன்றாக வேறு கோடுகள் வந்தன. நீண்ட, முனை உருண்ட, ஐந்து கோடுகள். துண்டுக் கோடுகள். மேலே.

அவள் நிமிரவில்லை. மூச்சு விடவில்லை. உச்சந்தலையில் சூடு.

முதல் விரலின் துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் மூடின. முழுக் கோடு.

அடுத்தது.

அடுத்தது.