பதினான்காம் படுக்கையின் பிரதி

பட்டியலின் கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது. நண்பகல் பன்னிரண்டு மணி. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். நாற்பத்திரண்டு நாளாக நின்றுகிடக்கும் பிரதியில் இன்றைய தேதி எப்படி வரும்? தூக்கம் கெட்டால் கண் எதையாவது காட்டத்தான் செய்யும் என்று திரையை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஆஸ்பத்திரியின் கணினி அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கதவிடுக்கு வழியாக வராந்தாவின் பினாயில் வாசனையும், மாடியில் யாரோ கட்டிலை இழுக்கும் கிறீச்சொலியும், எங்கோ ஒரு குழந்தையின் இருமலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த உறுமலுக்குள் அமிழ்ந்து போயின. நாளைக் காலை வரவேற்பு, மருந்தகம், சலவைப் பிரிவு ஆட்களுக்கு அவன் பாடம் எடுக்க வேண்டும். நோயாளிகளின் விவரம் ஒரு கணினியிலிருந்து மற்றவற்றுக்கு எப்படிப் பிரதியாகிறது என்பதுதான் பாடம்.

ஒத்திகை பார்க்க மருந்தகத்து அக்கா வந்து உட்கார்ந்தாள். "தம்பி, போன தடவை மாதிரி கழுத்தை அறுக்காதீங்க. சலவைக்காரர் குறட்டையே விட்டுட்டார்."

"ரெண்டு நோட்டுன்னு வச்சுக்கோங்கக்கா. முதல் நோட்டுல எழுதறதை ஒருத்தன் பார்த்துப் பார்த்து ரெண்டாவதுல எழுதிட்டே இருப்பான். முதல் நோட்டு தண்ணில விழுந்தாலும் கவலையில்லை."

"அவன் லீவு போட்டுட்டா?"

"திரும்பி வந்து, விட்ட இடத்துலேர்ந்து எழுதுவான். ஆனா நடுவுல என்னென்ன மாறிச்சுங்கற குறிப்பை முப்பது நாள்தான் வச்சிருப்போம். அதுக்கு மேல லீவு போட்டா ரெண்டையும் சேர்க்கவே முடியாது. ரெண்டாவது நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதணும்."

"அடப்பாவமே, இவ்வளவுதானா? இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாமே!" அவள் எழுந்தாள். கதவருகே நின்று அவனைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா? இப்படித் துரும்பா இளைச்சா அவளுக்குப் பிடிக்குமா?"

அவன் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் என்றால் அவன் மனைவி. இதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் பதினான்காம் படுக்கை. கடைசி இரவில் அவன் பக்கத்து நாற்காலியில் தூங்கிவிட்டான். எட்டு ராத்திரி விழித்திருந்தவன் ஒன்பதாவது ராத்திரி தூங்கிவிட்டான், அவ்வளவுதான். "அந்தத் தூங்குமூஞ்சியை எழுப்பாதீங்க, பாவம்" என்று அவள் சொன்னதாக நர்ஸ் பிறகு சொன்னாள். விடிந்தபோது டாக்டர்தான் அவன் தோளைத் தொட்டார்.

கணினி அறையில் மூன்றாவதாக ஒரு பிரதி உண்டு. யாராவது தவறாக எதையாவது அழித்தால் மீட்பதற்காக, வேண்டுமென்றே ஒரு மணி நேரம் பிந்தி எழுதும்படி அவனே அமைத்தது. அன்று காலை அவன் அழவில்லை. படியிறங்கி ஓடிவந்து, கம்பியைக் கழற்றி அந்தப் பிரதியை நிறுத்தினான். ஒரு மணி நேரம் கழித்து வந்திருக்க வேண்டிய 'இறந்தார்' என்ற சொல் அங்கே வரவில்லை. உலகத்தில் அந்த ஓரிடத்தில் மட்டும் அவள் பெயருக்கு எதிரே 'சிகிச்சையில்' என்று இருந்தது. தினமும் திறந்து அந்தச் சொல்லை மட்டும் பார்ப்பான். பட்டியலில் அதற்குக் கீழே இறங்கிப் பார்த்ததேயில்லை. இன்று பாடத்துக்காகத் திரையைப் படம் எடுக்கத்தான் இறங்கினான்.

மறுபடி திறந்தான்.

கண் பொய் சொல்லவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஆறு, நாற்பத்திரண்டு நாளுக்கும் வரிகள் இருந்தன. நாடி, காய்ச்சல், வலி. எழுதிய நர்ஸின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் எல்லா வரியிலும் காலி. கம்பியைத் தொட்டுப் பார்த்தான், கழற்றியே இருந்தது. வலி ஏழு. தண்ணீர் கேட்டார். வலி எட்டு. விளக்கை அணைக்கச் சொன்னார். வலி ஒன்பது. கணவரைக் கேட்டார். கணவரைக் கேட்டார். கணவரைக் கேட்டார்.

இருபதாவது நாளிலிருந்து வலி பத்து. அதற்கு மேல் எண் கிடையாது.

நேற்றைய வரி: 'அந்தத் தூங்குமூஞ்சியை எழுப்புங்க' என்றார்.

ஐயோ! அவளைக் காப்பாற்றி வைத்திருப்பதாக அல்லவா நினைத்திருந்தான். சாகவிடாமல் வைத்திருக்கிறான். அவள் செத்தது ஒரு ராத்திரி. இவன் அதை நாற்பத்திரண்டு ராத்திரியாக இழுத்திருக்கிறான்.

கம்பியைச் செருகினான். 'தொடங்கு' என்று கொடுத்தான். வலி நிற்கட்டும். அந்தச் சொல் வரட்டும். அவள் போகட்டும்.

திரை பதில் சொன்னது: தேவையான குறிப்புகள் இல்லை. முப்பது நாளுக்கு முந்தையவை அழிக்கப்பட்டன.

சற்றுமுன் அவன் வாயாலேயே சொன்னது. அக்காவிடம் சொன்னபோது உறைக்கவில்லை. அந்த முப்பதையும் அவன்தான் அமைத்திருந்தான்.

இனி ஒரே வழி. கிழித்துப் போடுவது. கட்டளையை அடித்தான். பிரதி முழுதும் அழியும், சம்மதமா? ஆம். இல்லை.

விரல் 'ஆம்' மேல் நின்றது.

ஏசியின் உறுமல் நின்றிருந்தது. எப்போது நின்றது? பினாயில் வாசனை போய், காய்ந்த உதடும் மருந்தும் கலந்த வாசனை. அவள் வாசனை. பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக. ஈரமாக. அவன் திரும்பவில்லை.

மணி நான்கு. புது வரி வந்தது.

வலி பத்து. 'போதும்பா, விட்டுடு' என்றார்.

ஒரு விரல். ஒரே ஒரு அழுத்தம். அதற்குப் பிறகு அவள் எங்குமே இருக்கமாட்டாள்.

"முடியலைடி," என்றான். "என் கையால முடியாதுடி. நாளைக்கு... இன்னும் ஒரே ஒரு நாள் இரு."

'இல்லை'யை அழுத்தினான்.

மூச்சு அறுந்து, ஒரு முனகலாகி, அவன் பிடரிக்கு அருகில் வந்து நின்றது. திரையில் அடுத்த நான்கு மணி நேரம் காத்திராமல் இன்னொரு வரி ஊர்ந்து வந்தது. அவன் அதைப் படித்தான். மறுபடி படித்தான்.

வலி பத்து. கணவர் பக்கத்தில் இருக்கிறார். விழித்திருக்கிறார்.